சீட்டில் விழுந்த கொள்கை
"சாயப்பட்டறை வரமா, சாபமா?" என்று சூலூரில் ஒரு பிள்ளைக்குக் கட்டுரைத் தலைப்பு வந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி: "எந்தப் பக்கம் எழுதோணும் கண்ணு?" பக்கம் சீட்டுக் குலுக்கலில் விழும், ஆதாரம் பிறகு, பக்கத்துக்கு ஏற்ற அளவில்.

நொய்யல் தண்ணீர் வந்து சேரும் பெரிய குளம் ஊரிலேயே கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது ஏன் என்று படிக்கலாம். அப்போது வேலை போனவர்களையும் விசாரிக்கலாம். இத்தனையும் செய்துவிட்டுப் பிள்ளை, "இரண்டிலும் நியாயம் இருக்குதுங்க" என்று எழுதித் தொலைத்தால்? மார்க் போய்விடுமே!

அதனால் 423ஆம் குறளைக் கட்டுரையின் முகப்பில் எழுதச் சொல்கிறோம். யார் சொன்னாலும் உண்மையைத் தேடச் சொல்லும் குறள். மிஸ் சொன்னாங்க என்று பிள்ளையும் எழுதிவிடுகிறது.