எதிர்க்காத்து அண்ணன்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஓர் எதிர்க்காத்து அண்ணன் இருப்பார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. ஊர் வைத்த பெயர் இது. வாடையும் கச்சானும் பருவம் பார்த்து வீசும். அண்ணனுக்குப் பருவம் கிடையாது. எதிரே யாராவது வாயைத் திறந்தால் போதும்.

முன்பெல்லாம் வலை பின்னும் இடத்திலும் மீன் ஏலத்திலும் வீசிக்கொண்டிருந்தவர், செல்போன் வந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குக் குடிபெயர்ந்தார். எழுதுவதெல்லாம் இல்லை, 'வாய்ஸ்'தான். நான்கு நிமிடம் ஓடும். முதல் நிமிடம் இருமல். முழுசாகக் கேட்டவர் ஒருவரும் இல்லை, பதில் சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

அண்ணனுக்கு ஒரு கருத்து பிறக்க வேண்டுமானால், முதலில் அது வேறு யாருக்காவது பிறந்தாக வேண்டும். "முகத்துவாரம் மண்மூடிக் கெடக்கு, கடல்தண்ணி உள்ள வரல, எறால் கொறஞ்சுபோச்சு, தூர்வாரணும்" என்று ஒரு தம்பி போட்டால், "வாரினா ஆறே மாசத்துல திரும்ப மூடிக்கும். கல்லு கொட்டிச் சுவர் கட்டுடா!" கல் கொட்டும் பேச்சு வந்ததோ இல்லையோ, "இங்க கொட்டினா வடக்கால கரையை அரிக்கும், தெரியாதா?" இரண்டிலும் உண்மை இருப்பதுதான் கொடுமை.

பூநாரை நிறைய வந்திருக்கிறது என்று ஒருவர் படம் போட்டால், "ஏரியில தண்ணி வத்திப்போச்சு, அதான் நிக்குது." ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறார்கள், கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்தால், "நெலாவுக்குப் போறவனுக்கு நம்ம வலைதான் குறுக்க நிக்குதா?" அதே கேள்வியை அவர் மச்சான் கேட்டால் மட்டும், "நாட்டுக்கு விஞ்ஞானம் வேணாமா?"

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தபோது குப்பங்கள் ஒன்றாக எதிர்த்தன. அண்ணனும் எதிர்த்தார். ஆனால் தம் பக்கம் இத்தனை கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று உள்ளூரக் கலங்கிப்போனார். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்ற சண்டையைக் கண்டுபிடித்த பிறகே அவருக்குச் சோறு இறங்கியது.

ஏரிக்குள் இத்தனை தகராறு கிடையாது. எறால் பிடிக்கும் நல்ல இடங்களுக்கு வெகுகாலமாகப் 'பாடு' இருக்கிறது. சீட்டுக் குலுக்கி, முறை வைத்து இறங்குவார்கள். கொழுத்த இடம் ஒருவருக்கே நிலைக்காது. பாடு உரிமை இல்லாதவர்களின் மனத்தாங்கல் தனிக் கதை. ஆனால் உரிமை உள்ளவர் தம் முறைக்குக் காத்திருப்பார். வாய்க்குத்தான் ஊரில் பாடு வைக்கவில்லை.

ஒரு குப்பத்துப் பையன்கள் அதையும் வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் முறை முடியும்வரை குழுவில் மற்றவர் பேசக் கூடாது. சீட்டுக் குலுக்கினார்கள். முதல் பாடு அண்ணனுக்கே விழுந்தது.

காலை ஆறு மணியிலிருந்து அண்ணன் பேச வருவதும் நிறுத்துவதுமாகத் திரையில் தெரிந்தது. எட்டாயிற்று, பத்தாயிற்று. நண்டு எடைபோட்டுப் பணமும் வாங்கியாயிற்று. உச்சிவெயிலில் ஒரு வாய்ஸ் வந்தது. இருமல்கூட இல்லை, மூன்றே நொடி:

"யாராச்சும் எதையாச்சும் சொல்லித் தொலைங்கடா!"