இரண்டு தேங்காயும் ஒரு ராடாரும்

2014 மார்ச்சில் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு ஒரு போமோ வந்தார். மலாய் மந்திரவாதி. கையில் இரண்டு தேங்காய், மூங்கில் தொலைநோக்கி, உட்கார்ந்து பறக்க ஒரு கம்பளம். 239 பேரோடு காணாமல் போன எம்.எச். 370 விமானம் எங்கே என்று மந்திரம் போட்டுப் பார்த்தார். உலகமே சிரித்தது. நாட்டின் மானத்தை வாங்கிவிட்டார் என்று மலேசியாவில் திட்டினார்கள்.

பாவம் அந்த மனிதர். அவரிடம் இருந்தது தேங்காய். ராடார் வைத்திருந்தவர்கள் என்ன கிழித்தார்கள்?

மார்ச் 8, இரவு 1.19. விமானி ‘குட் நைட்’ சொன்னார். சற்று நேரத்தில் விமானம் திரையிலிருந்து மறைந்தது. அடுத்து அதைக் கண்காணிக்க வேண்டிய வியட்நாம்காரர்கள் 1.39க்கு, எங்கே உங்கள் விமானம் என்று கேட்டார்கள். கம்போடியா வானில் போகிறது என்று விமான நிறுவனம் பதில் தந்தது. போகவேண்டிய பாதையிலேயே கம்போடியா கிடையாது! 3.30க்கு, அது வெறும் கணிப்பு, நம்ப வேண்டாம் என்றார்கள். வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பவன்கூட இத்தனை சீக்கிரம் பின்வாங்க மாட்டான். மீட்பு மையம் விழித்துக்கொண்டபோது மணி 5.30.

இதற்கிடையில் ராணுவ ராடாரில் அது திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, மலாக்கா நீரிணைக்கு மேலே போனது பதிவாகியிருந்தது. பகை விமானம் அல்ல என்று விட்டுவிட்டார்கள். சுட்டு வீழ்த்தப் போவதில்லை என்றால் போர் விமானத்தை அனுப்பி என்ன பயன் என்று பிற்பாடு கேட்டார் மலேசிய அமைச்சராக இருந்த ஹிஷாமுதீன். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை ஒன்று தனியே ஓடினால், அடிக்கப் போவதில்லை, அப்புறம் எதற்குக் கூப்பிட வேண்டும் என்பாரோ? விமானம் மேற்கே போன பிறகும் கிழக்கே தென்சீனக் கடலில் ஒரு வாரம் துழாவினார்கள்.

கறுப்புப் பெட்டி ஒன்றிலிருந்து கடலடியில் ஒலி எழுப்பவேண்டிய கருவியின் பேட்டரி, 2012 டிசம்பரிலேயே காலாவதி. பெட்டிக்கடை ரொட்டிக்கே தேதி பார்த்து வாங்குகிறோம்.

மார்ச் 24 அன்று குடும்பங்களுக்குச் சாவுச் செய்தி போனது, ஆங்கிலத்தில், குறுஞ்செய்தியாக. அந்தச் செய்தியைப் பெற்றவர்கள் பலரும் சீனர்கள். 2018இல் வந்த இறுதி அறிக்கை ஏறக்குறைய 500 பக்கம். காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்று சொல்ல அத்தனை காகிதம்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் மறக்க முடியவில்லை. காலை 8.19 வரை அந்த விமானத்தின் கருவி செயற்கைக்கோளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஏழு மணி நேரத்தில் தரையிலிருந்து அதற்குப் போன செயற்கைக்கோள் தொலைபேசி அழைப்புகள் இரண்டே இரண்டு. 2.39க்கு ஒன்று, 7.13க்கு ஒன்று. யாரும் எடுக்கவில்லை.

டியூஷன் போன பிள்ளை அரை மணி தாமதமானால், நம் வீட்டு அம்மாக்கள் எத்தனை முறை போன் அடிப்பார்கள்?