கும்மிடிப்பூண்டி ஹம்மிங்: சுருதி, இலக்கணம், ஷிப்ட் குறித்த ஓர் ஆராய்ச்சி

இசை ஆராய்ச்சியாளர்கள் தஞ்சாவூரைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்கள். மயிலாப்பூரில் புதிதாகச் சொல்ல இனி ஒரு திண்ணைகூட மிச்சமில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டை மட்டும் இதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கம்பி உருட்டும் ஆலையிலும் இரும்பு உருக்கும் உலையிலும் என்ன சங்கீதம் என்று கேட்பவர்கள், அங்கே ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் ஐந்து நிமிடம் நின்றிருக்க மாட்டார்கள். ஹம்மிங் என்னும் ஆங்கிலச் சொல் எங்கே பிறந்திருந்தாலும், அது சுருதியும் இலக்கணமும் வழுவாமல் குடித்தனம் நடத்துவது இங்கேதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் ஆய்வெல்லை. மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் ஏறினால் கத்திவாக்கம், நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வரிசையாக வரும். உதட்டோடு உதடு ஒட்டாமல் இவற்றில் ஒன்றையும் உச்சரிக்க முடியாது. (எண்ணூர் இடையில் வந்து கணக்கைக் கெடுக்கிறது. எண்ணூரை ஆய்வெல்லையிலிருந்து நீக்கிவிட்டோம்.) கும்மிடிப்பூண்டியிலிருந்து கும்மியை உருவியெடுக்கும் ஆசை எந்த ஆராய்ச்சியாளனுக்கும் வரும், எமக்கும் வந்தது, அடக்கிக்கொண்டோம். இதே பாதையிலுள்ள திருவொற்றியூரில்தான் தியாகராஜ சுவாமிகள் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அதற்கும் சிப்காட்டுக்கும் தொடர்பு உண்டா என்றால் தண்டவாளம் உண்டு.

இனிச் சொல் வரலாறு. வண்டு எழுப்பும் ஓசையைப் பார்த்து ஆங்கிலேயர்கள் 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ஹம்’ என்று சொல்லத் தொடங்கினர். பெரிய வண்டுத்தேனீ ஒன்றுக்கும், சிறகடிப்பதையே பாட்டாக்கிக்கொண்ட குட்டிப் பறவை ஒன்றுக்கும் அதையே பெயராக வைத்தனர். அவர்களுக்கு உதடு மூடியிருந்தால்தான் ஹம்மிங். அந்தச் சொல் கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டருக்குள் நுழைந்ததும் வாய் பிளந்துகொண்டது. ‘ஆ’ என்று இழுத்தாலும் ஹம்மிங், ‘லாலா’ என்றாலும் ஹம்மிங். பல்லவிக்கு முன்னால் சொல்லில்லாமல் வருவதெல்லாம் ஹம்மிங். வெள்ளைப் புடவை கட்டி நள்ளிரவில் தோட்டத்தில் உலவும் பேய்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியாக இருந்தது. சிப்காட் பாணியோ இந்தக் கேளிக்கைகளை ஏற்பதில்லை. இரும்புத் தூசி பறக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆகவே உதடு மூடிய தொல்மரபையே அது கைக்கொள்கிறது.

உதட்டை மூடிவிட்டால் ஒலி எவ்வழி வெளியேறும்? மூக்கு வழியே என்க. ஐயமுடையோர் ஒரு மெட்டை முனகிக்கொண்டே மூக்கை இரு விரலால் பிடித்துப் பார்க்கலாம். பாட்டு நொடியில் நின்றுவிடும். மாலை நேர ரயிலில், பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பது நல்லது. மூக்கின் பெருமை இத்தோடு முடியவில்லை. சுவீடனைச் சேர்ந்த வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் என்ற இருவர் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சும்மா மூச்சு விடும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடைவிட, முனகும்போது வருவது 15 மடங்கு என்று கண்டார்கள். யோகாசனக்காரர்கள் பிராமரி என்று கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் ஏறக்குறைய இதுதான். சிப்காட்டில் கண்ணைத் திறந்துகொண்டு செய்கிறார்கள். மூடினால் விரல் போய்விடும்.

இலக்கணத்துக்கு வருவோம். மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை. மகரமெய் சில இடங்களில் அதிலும் பாதியாய்க் குறுகிக் கால் மாத்திரையே ஒலிக்கும். அதற்கு மகரக்குறுக்கம் என்று பெயர். ஆனால் அதே மகரமெய் செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் நீண்டு ஒரு மாத்திரையாகவும் ஒலிக்கலாம் என்று ஒற்றளபெடை இலக்கணத்தில் நன்னூலார் அனுமதிக்கிறார். குறிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘உம்ம்’ என்பதில் உகரம் குறில்தானே? ஆகவே ஹம்மிங் முறையான ஒற்றளபெடையே. ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். பி ஷிப்ட் முடியும்வரை நீளும் மகரத்துக்கு விதி எங்கே என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம். பவணந்தி முனிவர் ஓ.டி. பார்த்ததில்லை என்பதே எம் விடை.

சுருதிப் பகுதியே இக்கட்டுரையின் உயிர்நிலை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தமேறும்போது நீளத்தில் இம்மியளவு மாறுகின்றன. மின்சாரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இந்த மாற்றம் இரண்டு முறை நடக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே ஓசை 100 ஹெர்ட்ஸ். ஆர்மோனியக் கணக்கில் கீழ்ஸ்தாயி ஐந்து கட்டை 98 ஹெர்ட்ஸ், ஐந்தரை கட்டை ஏறத்தாழ 104. எனவே சிப்காட்டின் சுருதி ஐந்து கட்டையும் கொஞ்சமும். நம் பாடகிகளில் பலர் நிற்பது ஐந்திலோ ஐந்தரையிலோ என்பதால், மேல்ஸ்தாயியில் சேர்ந்துகொள்ள அவர்களுக்குத் தடையில்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண்களுக்கு இதே ஓசை பஞ்சமமாகிவிடும். இரண்டு கட்டைக்காரர் மத்திமமாக வைத்துக்கொள்ளலாம். அதோடு அந்த ஓசை தனியாகவும் வருவதில்லை. 200, 300, 400, 500 என்று கூட்டாளிகளை அழைத்து வருகிறது. 200க்கு 300 பஞ்சமம், 400க்கு 500 அந்தர காந்தாரம். நல்ல தம்புராவில் இவற்றைக் கேட்கத்தான் வித்வான்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். மின்வாரியம் கம்பம் கம்பமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.

அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று, ஓசை 120 ஹெர்ட்ஸ். அது ஆறரைக் கட்டையிலும் சேராது, ஏழிலும் சேராது. கணக்காக நடுவில் தொங்குகிறது. அந்நாட்டில் கர்னாடக சங்கீதத்துக்கு எவ்வளவு சபாக்கள் வைத்தாலும் தெருக்கம்பம் ஒத்துழைக்காது என்பதை அங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் கவனிக்க வேண்டும். அங்கேயே நியூ மெக்சிகோவில் தாவோஸ் என்ற ஊரில், எங்கிருந்தோ ஹம்மிங் கேட்கிறது என்று மக்கள் புகார் சொல்ல, 1993இல் விஞ்ஞானிகள் கருவிகளோடு போய்த் தேடினார்கள். ஊரில் நூற்றில் இரண்டு பேருக்குத்தான் அது கேட்டது. எங்கிருந்து வந்தது என்பது பிடிபடவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தால் கைகாட்டி விட்டிருப்போம்.

ஒரு வரலாற்றுச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மின்பற்றாக்குறை தலைவிரித்தாடிய 1990களில் தென்னக மின்தொகுப்பின் சுற்று 50இல் நிற்காமல் 49க்கும் கீழேகூட இறங்கியதுண்டு. 49 என்றால் ஓசை 98 ஹெர்ட்ஸ். அதாவது அப்பழுக்கில்லாத ஐந்து கட்டை! மின்விசிறி தள்ளாடிய காலத்தில்தான் சுருதி சுத்தமாக இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத் தொகுப்பு தேசியத் தொகுப்போடு சேர்ந்தது. இப்போது 49.90க்கும் 50.05க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று விதி. காஷ்மீரத்துக் கம்பமும் கவரைப்பேட்டைக் கம்பமும் ஒரே சுருதியில் முனகுகின்றன. தேச ஒற்றுமைக்கு இது நல்லதுதான். சங்கீதத்துக்குக் கொஞ்சம் தூக்கல்.

இனி வித்வான்கள். ஷெட்டுக்குள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. அந்த இரைச்சலில் காதுக்கு ஏர் பிளக் தருகிறார்கள். மஞ்சள் ஸ்பாஞ்சை இரு விரலால் உருட்டி ஒல்லியாக்க வேண்டும். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை இழுத்துப் பிடித்துச் செருகி, உள்ளே அது உப்பும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் நடப்பதுதான் விசேஷம். எலும்பு வழியாகக் காதுக்கு வரும் சொந்தக்குரல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழல்கிறது. முனகல் கணீரென்று கேட்கிறது. இரைச்சலில் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். ஏர் பிளக் போட்டவனோ குரலைத் தணிக்கிறான். நுணுக்கமான கமகங்கள் அப்போதுதான் விழுகின்றன. வித்வானும் அவரே, ரசிகரும் அவரே. அடுத்த மெஷினில் நிற்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. பியானோ வாசிக்கும்போது முனகும் பழக்கத்தைக் கடைசிவரை விடாத கிளென் கூல்டின் முனகல் அவருடைய இசைத்தட்டுகளிலும் விழுந்திருக்கிறது. அந்தக் கனடாக்காரரை மேதை என்கிறார்கள். லேத் ஆபரேட்டரை சூப்பர்வைசர், ‘இன்னாடா தனியா பேசிக்கினு இருக்க?’ என்கிறார்.

வடக்கே சாப்ராவிலிருந்து வேலைக்கு வந்த பையன் போஜ்புரி மெட்டை முனகுகிறான், பொன்னேரிக்காரர் பழைய சினிமா மெட்டை. டீ வாங்கப் போகும்போதும் முனகல் நிற்பதில்லை. சொல் இல்லாததால் இவர் மெட்டு அவன் மூக்கில் ஒட்டிக்கொள்கிறது; அடுத்த வாரம் இருவரும் மாற்றி முனகுகிறார்கள். எது என்ன பாட்டு என்று இருவருக்கும் தெரியாது. 2020 அக்டோபர் முதல் கூகுளிடம் முனகிக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்றாலும், கையெல்லாம் கிரீஸாக இருக்கும்போது போனை யார் தொடுவது?

கரண்ட் போகும் நேரமே இந்தப் பாணிக்குச் சோதனைக்காலம். எல்லா மெஷினும் ஒரே நொடியில் ஓய்ந்துவிடும். ஆனால் காதில் ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டு பீஸைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உடனே உறைக்காது. சுருதி நின்ற பின்னும் அவர் சரணத்தில் இருப்பார். ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். சபையில் எத்தனையோ வித்வான்களுக்குக் கிடைக்காத அமைதி அது. அவர் நிமிர்ந்து பார்க்கும்போது விசில் பறக்கும்.

இம்முடிபுகளை மதிப்புரைக்காக ஒரு லைன்மேனிடம் முன்வைத்தோம். ஐந்து கட்டை, பஞ்சமம், அந்தர காந்தாரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு டிரான்ஸ்பார்மரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

“இது எப்பவும் போற சவுண்டு சார். இதைவிட ஜாஸ்தியா கர்ர்னு வந்தா உள்ளே போல்ட்டு லூஸ் ஆயிருக்கும், எனக்கு ஒரு போன் போடுங்க. மத்தபடி நீங்க பாடுங்க.”