கழுநீர் முதல் கருவடாம் வரை: காவிரி டெல்டா அடுக்களைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தஞ்சாவூரைப் பற்றி எழுதியவர்கள் கோயிலை எழுதினார்கள், வீணையை எழுதினார்கள், தலையாட்டி பொம்மையைக்கூட விட்டுவைக்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை மட்டும் ஒருவரும் தொடவில்லை. வயலில் நிற்கும் நெல்லை ஆராய ஆடுதுறையில் 1922 முதல் நிலையம் இருக்கிறது. அறுத்த நெல்லைப் பதப்படுத்துவது பற்றி ஆராயத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. வடித்த சோறு மறுநாள் காலை என்னவாகிறது என்பதற்குத்தான் தனித் துறை இல்லை, பேராசிரியர் இல்லை, பயணப்படி இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்த ஆய்வு. எல்லை: மேற்கே கல்லணை, கிழக்கே நாகப்பட்டினம் கடற்கரை. கருதுகோள்: டெல்டா வீட்டுக்குள் நுழைந்த எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற முடியாது.

முன்னோடிகளைக் குறிப்பிடுவது ஆய்வு மரபு. பொருள் அழிவதில்லை, உருமாறத்தான் செய்கிறது என்று 1789இல் நூலெழுதி நிறுவியவர் பிரான்ஸ் நாட்டு லவாய்சியர். இவர் வரி வசூல் குத்தகையிலும் பங்கு வைத்திருந்தவர், அதற்காகவே 1794இல் தலையையும் இழந்தவர். குத்தகையும் வசூலும் தெரிந்த அந்த மனிதர் கும்பகோணம் பக்கம் பிறந்திருந்தால் அவ்வளவு செலவில் ஆய்வுக்கூடம் கட்டியிருக்க வேண்டாம். கொல்லைப்புறத்துக் கழுநீர்த் தொட்டியே போதும்.

முதலில் நெல். 100 கிலோ நெல்லை ஆலையில் போட்டால் 65 முதல் 70 கிலோ அரிசி வரும். உமி 20 கிலோ அளவுக்கும் தவிடு 8 கிலோ அளவுக்கும் போகும். வேறு ஊரில் இதைக் கழிவு என்று எழுதுவார்கள், இங்கே பாகப்பிரிவினை என்றுதான் எழுத வேண்டும். தவிடு மாட்டுக்கு, ஆலைகள் பெரிதான பிறகு தவிட்டெண்ணெய்க்கு. நொய் கஞ்சிக்கு, அதிலும் பொடிந்தது கோழிக்கு. வைக்கோல் போருக்கு, கூரைக்கு, மறுபடியும் மாட்டுக்கு. உமியோ ஆலைக் கொதிகலனில் எரிந்து, அடுத்த லோடு நெல்லை அவித்துப் புழுங்கலாக்குகிறது. எரிந்த பிறகாவது விட்டார்களா என்றால் இல்லை. உமிக்கரி பல் தேய்க்கப் போயிற்று, சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போயிற்று. உமிச் சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். கறை போவது உறுதி, பல்லின் எனாமலும் கொஞ்சம் கூடவே போகும். சேமிப்பில் மறைமுகச் செலவு உண்டு என்பதற்கு இதுவே முதல் சான்று.

அரிசி வாங்குவதிலும் நுட்பம் இருந்தது. பத்தாயத்தில் ஓராண்டு கிடந்த பழைய அரிசியை உலையில் போட்டால் சோறு நன்றாகக் காணும். புது அரிசி குழைந்து, அளவிலும் ஏமாற்றும். இரண்டு பேர் கூடுதலாகச் சாப்பிடும் வீட்டில் இந்த வித்தியாசம் மாதக் கடைசியில் தெரியும். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசமான பிறகு இன்னொரு பிரிவு ஏற்பட்டது: கடை அரிசி சோற்றுக்கு, ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு. உளுந்தோடு சேர்ந்து அரைபட்ட பின் எந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எந்தச் சம்பந்தியாலும் முடியாது.

இனிக் கழுநீருக்கு வருவோம். அரிசியின் முதல் களைநீர் மாட்டுக்கு, இரண்டாவது குழம்புக்கோ புளி ஊறவைக்கவோ. வடித்த கஞ்சியில் ஒரு பங்கு உப்பும் மோரும் சேர்ந்து வீட்டுக்காரர்களுக்கு, ஒரு பங்கு வேட்டிக்கும் புடவைக்கும் மொடமொடப்பு ஏற்ற, மிச்சம் தொட்டிக்கு. தொட்டியில் காய்த்தோலும் எச்சில் சோறும் சேர, மறுநாள் காலை அது பாலாகத் திரும்பி வரும். முதலும் வட்டியும் ஒரே வீட்டுக்குள் சுற்றிய இந்த வங்கியை இரண்டு சம்பவங்கள் திவாலாக்கின. ஒன்று, மாடு போயிற்று. இரண்டு, குக்கர் வந்தது. குக்கர் எரிபொருளை மிச்சப்படுத்தியது உண்மை. கூடவே கஞ்சியை ஒழித்தது. இப்போது அதே வீட்டில் துணிக்குப் போடக் கஞ்சிப் பசையைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். எரிவாயுவில் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று கேட்டால் மாடியில் காயும் வேட்டியைப் பார்க்க வேண்டும்.

பழையதைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இரவில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் கூலி கேட்காமல் இரவெல்லாம் வேலை செய்கின்றன. காலையில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய் அல்லது ஒரு துண்டு நார்த்தங்காய். அடுப்புச் செலவு பூஜ்யம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறை பழைய சோற்றை ஆராயத் தொடங்கியபோது நகரத்தார் திரும்பிப் பார்த்தார்கள். ஒடிசாக்காரர்கள் இன்னும் முன்னே போய், தங்கள் பழைய சோறான பகாளாவுக்கு மார்ச் 20ஆம் தேதியை நாளாகவே ஒதுக்கிவிட்டார்கள். இன்று மண்சட்டியில் வைத்து, வெங்காயத்தை விசிறி மாதிரி அடுக்கி, விலைப்பட்டியலோடு இதை விற்கும் உணவகங்கள் வந்துவிட்டன. செலவைக் குறைக்கப் பிறந்த உணவு செலவாகவே மாறிய கதை பொருளியல் மாணவர்களுக்குப் பயன்படும்.

ஆனால் இங்கே ஆய்வு தன் தொனியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மிராசுதார் வீட்டில் பழையது சிக்கனம், அல்லது ருசி. பண்ணையாளுக்கு அதுதான் சாப்பாடு. கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட ஊரில் படியின் விளிம்பில் விரல் வைத்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வேடிக்கைப் பேச்சாக இருந்ததில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். டெல்டாவின் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், விரும்பிக் குறைத்துக்கொண்ட வயிறு எது, வேறு வழியில்லாமல் குறைந்த வயிறு எது என்று பிரித்துத்தான் பேச வேண்டும். இந்த ஆய்வு முன்னதைப் பற்றியது.

மாவு விஷயம் சுலபம். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், அதற்கும் மேல் புளித்தால் குழிப்பணியாரம். மீந்த இட்லி உப்புமாவாகும். இந்த வரிசை ஒரு திசையில் மட்டுமே நகரும். ஊத்தப்ப மாவை மறுபடி இட்லியாக்க முயன்றவர்களின் முடிவுகள் தட்டையாக வந்தன.

ரசத்துக்கும் ஒரு விதி உண்டு. பொருளியலில் நெகிழ்ச்சி என்று ஒரு அளவு சொல்வார்கள். டெல்டா வீட்டில் இதை ரசத்தில்தான் அளக்க வேண்டும். திண்ணையில் எதிர்பாராத செருப்புச் சத்தம் கேட்டதும் அடுப்பில் உள்ள ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஏறும், ஒரு சிட்டிகை பெருங்காயமும் மிளகும் அதை மறைக்கும். சாம்பாரில் இந்தச் சலுகை கிடையாது, இரண்டாவது சொம்பிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். வற்றல் குழம்பு வேறு வகை: தண்ணீர் தாங்காது, ஆனால் காய் வாங்காத நாளைத் தாங்கும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் என்று வெயிலில் காய்ந்தவை எல்லாம் ஐப்பசி மழையில் வேலைக்கு வரும்.

கும்பகோணம் காபியின் புகழ் முதல் டிகாஷனால் வந்தது. வீடுகள் நடந்தது இரண்டாவது டிகாஷனில். பில்டரின் மேல்தட்டில் கிடக்கும் அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் வருவது, நிறத்தில் காபி, நினைவில் காபி. யாருக்கு எது என்பதில் எழுதப்படாத சட்டம் இருந்தது. மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் முதல். ஊர்க்காரருக்கு இரண்டும் கலந்தது. கலந்ததில் மிஞ்சியதை நின்றுகொண்டே குடித்தவர் யார் என்று அந்தந்த வீட்டுக்குத் தெரியும். சிக்கரி சேர்ப்பதையும் சிக்கனத்தில் கணக்கெழுதலாம். காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. மிச்சம் 49க்குச் சட்டமே இடம் கொடுக்கிறது, மாமியார் என்ன செய்வார்?

காய்களில் முதல் மதிப்பெண் பீர்க்கங்காய்க்கு. சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு, முற்றினால் நார் முதுகு தேய்க்க, விதை அடுத்த பந்தலுக்கு. வாழைக்காய்த் தோலும் பலாக்கொட்டையும் இதே வகுப்பில் படித்தவைதாம். கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைத் தூக்கிப் போட்டால் பித்தளைக் குடம் எதில் பளபளக்கும்? தாராசுரம் மார்க்கெட்டிலோ தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட்டிலோ காய் வாங்கினால் கறிவேப்பிலையும் நாலு கொத்தமல்லியும் கொசுறு. கொசுறு கேட்காமல் திரும்புகிறவர் வெளியூர்க்காரர் என்று கடைக்காரர் அடுத்த முறை விலையிலேயே காட்டிவிடுவார்.

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது வழக்கம். நடுவில் ஆறு மணலாகக் கிடக்க, வெயில் மட்டும் தாராளமாக வரும். மின்கட்டணம் இல்லாத இந்த ஆற்றலைக் கருவடாமாகவும் வெங்காய வடகமாகவும் மோர்மிளகாயாகவும் டப்பாவில் அடைத்துவிடுவார்கள். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, அதன்மேல் பிழிந்து, நான்கு மூலைக்கும் செங்கல். காக்காய் விரட்டக் குழந்தைகள். இவர்களுக்குக் கூலி, அரைவேக்காட்டுக் கூழ்மாவு ஒரு உருண்டை. காக்காய் தின்றதைவிடக் காவல் தின்றது அதிகம் என்ற புகார் ஆண்டுதோறும் பதிவாகும்.

அடுத்து கல்வெட்டியல். ராஜராஜன் 1010 வாக்கில் முடித்த பெரிய கோயிலில், தானும் தன் அக்கன் குந்தவையும் மற்றவரும் கொடுத்த பொருள்களைக் கொடுத்தவர் பெயரும் எடையுமாகக் கல்லில் வெட்டவைத்தான். அந்தப் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை, எவர்சில்வருக்கு மாறியது. கல்யாணத்துக்கு வந்த தூக்கு, அண்டா, தாம்பாளம் எதை எடுத்தாலும் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி. அன்பின் அடையாளம் என்பது பொதுக் கருத்து. ஆய்வு வேறு முடிவுக்கு வருகிறது. பெயர் வெட்டியது, அதே பாத்திரம் இன்னொரு கல்யாணத்துக்கு மொய்யாகப் போகாமலிருக்க. வெட்டாத பாத்திரம் மூன்று வட்டம் சுற்றி முதலில் வாங்கியவர் வீட்டுக்கே வந்த கதைகள் டெல்டாவில் பஞ்சமில்லாமல் கிடைக்கும்.

தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சப்பையும் இப்படித்தான் ஆவணமானது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பைகளை மேலிருந்து கீழாக எடுத்தால் கல்யாணத் தேதிகள் காலவரிசையில் இறங்கும். கீழடியில் குழி தோண்டுபவர்கள் பொறாமைப்படும் அளவுக்குத் தெளிவான அடுக்கு. மேலடுக்குகளில் பை அருகி, பாலித்தீன் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்துவிட்டு, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே திரும்பி வந்தது. ஆணியிலேயே தொங்கவிட்டிருந்த வீடுகளுக்கு மீண்டும் என்ற சொல் தேவைப்படவில்லை.

உலகக் கணக்கும் பார்க்க வேண்டும். 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அதன் மதிப்பீடு. கழுநீர்த் தொட்டி இருந்த வீட்டில் இந்த 55 கிலோவை எங்கே எழுதுவது என்று அவர்களால் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தொட்டி தானாக நிரம்பவில்லை. உமிக்கரி இடித்தது, கஞ்சி வடித்தது, தோலைத் தனியாக எடுத்து வதக்கியது, வெயிலில் நின்று வடாம் பிழிந்தது, இரண்டாவது டிகாஷனைக் குடித்தது எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். இந்தச் சிக்கனம் முழுவதும் அவர் மத்தியானத்தை எடுத்து அரிசிக்கும் துணிக்கும் மாற்றிக் கொடுத்த பண்டமாற்று. அடுக்களை விட்டு அவர் வேலைக்குப் போன வீடுகளில் பாக்கெட் மாவும் ரெடிமேட் வடாமும் வந்ததை ஊதாரித்தனம் என்று திட்டுவது தவறான கணக்கு.

சரியான கணக்கைப் போட இப்போது தரவு இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அந்த உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். முப்பது நாளுக்கு வகுத்தால் மணிக்கு 6 ரூபாய் 69 காசு வருகிறது. கூட்டல் பிழை இருந்தால் வாசகர்கள் திருத்திக்கொள்ளலாம்.