முடிவில்லாத முடிவுரை

கல்லூரிகள் நிறைந்த ஊரில் குடியிருப்பதனால் மனிதனுக்கு விளையும் அனுகூலங்கள் பல. அவற்றுள் ஒன்றை மாத்திரம் நான் தேடிப் போனதில்லை, அதுவாகவே என்னைத் தேடி வந்தது. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் ஆகியவற்றில் எனக்கு ஓரளவு பரிச்சயம் உண்டென்ற வதந்தி எப்படியோ பரவிவிட்டபடியால், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பிக்கவிருக்கும் மாணவர்கள், பைண்டிங் கடைக்குப் போகும் வழியில் என் வீட்டில் அதை ஒரு வாரம் தங்கவைத்துவிட்டுப் போவதைச் சம்பிரதாயமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஓர் ஆய்வேட்டை முதலெழுத்திலிருந்து கடையெழுத்துவரை வாசிப்பவர்கள் இவ்வுலகில் மூவரே: எழுதியவர், தட்டச்சு செய்தவர், பிழை திருத்துபவர். இம்மூவரில் எழுதியவரைக் குறித்து மட்டும் எனக்குச் சில சமயம் சந்தேகம் எழுவதுண்டு.

வாசித்து வாசித்து ஆய்வேடுகளின் அங்க லட்சணம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. சொல்லப்போவது இன்னதென்று முன்னுரை சொல்லும். சொல்ல வேண்டியதை இயல்கள் சொல்லும். சொன்னது இன்னதென்று ஒவ்வோர் இயலின் வாலிலும் ‘தொகுப்புரை’ என்னும் தலைப்பின்கீழ் எண்ணிட்டு நிறுத்திய வாக்கியங்கள் சொல்லும். இவ்வளவும் முடிந்தபின், அதே வாக்கியங்களை எண்களை மாத்திரம் மாற்றி ஒரே இடத்தில் திரட்டி, அத்திரட்டுக்கு ‘முடிவுரை’ என்று நாமகரணம் செய்து, அடியில் மேலாய்வுக்குரிய களங்கள் நான்கைந்தைப் பட்டியலிட்டு, மங்களம் பாடிவிடுவார்கள். இரண்டாம் இயலின் இறுதியில் ‘என்பது புலனாகிறது’ என்று எழுதப்பட்ட சங்கதி முடிவுரையிலும் ‘என்பது புலனாகிறது’ என்றே காட்சி தருவதைக் காணும்போதெல்லாம், ஒருமுறை புலனான பொருள், மறுபடியும் புலனாக வேண்டிய அவசியம் நேரும்படி, நடுவிலுள்ள பக்கங்களில் எவ்விடத்தில் மறைந்துபோயிற்று என்று நான் யோசிப்பதுண்டு.

பழைய இலக்கண ஆசிரியர்கள் இந்த வியாதியை அறியாதவர்கள் அல்லர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று 10 குற்றங்களை எண்ணிச் சொன்னார். அவற்றுள் கூறியது கூறல், வெற்றெனத் தொடுத்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை ஆகிய நான்கையும் ஒருசேரத் தரிசிக்க விரும்புவோர் வேறெங்கும் அலைய வேண்டுவதில்லை. நம் காலத்து ஆய்வேடு ஒன்றின் கடைசி இயலைப் புரட்டினால் போதும். ஆயினும் அதே முனிவர், நூலுக்குரிய 32 உத்திகளுள் ‘தொகுத்துச் சுட்டல்’ என்பதையும் ஒன்றாக வைத்தார் என்பதை மறந்துவிடலாகாது. விரிந்த பொருளைச் சுருக்கிக் காட்டுவது வாசகனுக்குச் செய்யும் பேருபகாரம். அந்தச் சுருக்கத்தைக் கொண்டுவந்து முடிவுக்குரிய ஆசனத்தில் அமர்த்துவதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

அண்மையில் ஒரு மாணவர், வறண்ட பிரதேசத்துச் சிறுகதைகளில் உணவு என்னும் பொருள் பற்றிய தமது ஆய்வேட்டுடன் வந்தார். கம்பங்கூழ் வரும் கதைகள் இத்தனை, கேழ்வரகுக் களி வரும் கதைகள் இத்தனை, தீபாவளிக்கு மட்டும் நெல்லுச்சோறு வரும் கதைகள் இத்தனை என்று முடிவுரையில் கணக்கு வழக்கு கச்சிதமாக இருந்தது. காபி வரும்வரையில் பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, “இத்தனையும் படித்தீர்களே தம்பி, உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று கேட்டேன்.

“ஒன்று தோன்றியது ஐயா. சாப்பாடு தாராளமாகக் கிடைக்கிற கதையில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிக்குமேல் கிடையாது. பட்டினி கிடக்கிறவர்கள் வருகிற கதையில்தான் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனைகூட அரைப் பக்கத்துக்கு வருகிறது. இல்லாத சோற்றைத்தான் இவர்கள் ஆசை ஆசையாக எழுதியிருக்கிறார்கள்.”

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

“எழுதவில்லை ஐயா. முடிவுரையில் புதிதாக எதுவும் சொல்லக் கூடாது என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார். அதுவுமல்லாமல், இதை எழுதினால் வாய்மொழித் தேர்வில் கேட்பார்களே!”

இவ்விரண்டு காரணங்களையும் சற்றே நிதானமாக நோக்குவது நல்லது. நெறியாளர் சொன்ன விதி சத்தியமானது. ஆனால் பாதி வழியில் நின்றுவிட்ட சத்தியம். இயல்களில் தலைகாட்டாத புதிய சான்றை, புதிய கதையை, புதிய புள்ளிவிவரத்தை முடிவுரையில் திடீரென்று கொண்டுவரலாகாது என்பதே அவ்விதியின் தாத்பரியம். பழைய சான்றுகளிலிருந்து புதிய எண்ணம் ஒன்று பிறக்கவே கூடாது என்று அது யாரையும் தடுக்கவில்லை. பிறக்காவிட்டால், மூன்று ஆண்டுப் பிரயாசையின் பயன் என்னவென்று உதவித்தொகை கொடுத்தவர்கள் கேட்கக்கூடும். இரண்டாவது காரணமோ இதைவிட அந்தரங்கமானது. கம்பங்கூழ் இத்தனை கதைகளில் வருகிறது என்று சொன்னால் எந்தப் புறத்தேர்வாளரும் சண்டைக்கு வரப்போவதில்லை. எண்ணிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். இல்லாமையே எழுத்தில் உணவைப் பெருக்குகிறது என்று சொல்லிவிட்டாலோ, ‘எங்ஙனம்?’ என்று ஒருவர் கேட்பார். கேட்டால் நாம் பதில் சொல்லியாக வேண்டும். சுருக்கம் அபாயமற்றது, முடிவு பொறுப்புக்குரியது. ஆகையினாலேயே, பொறுப்புக்கு அஞ்சுகிறவர்கள் சுருக்கத்தின் நிழலில் ஒதுங்குகிறார்கள்.

பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போன தகப்பனாரிடம், குரு ஏழில் இருக்கிறார், சனி எட்டில் இருக்கிறார், செவ்வாய் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று பன்னிரண்டு கட்டங்களையும் ஒழுங்காகப் படித்துச் சொல்லிவிட்டு, பஞ்சாங்கத்தை மூடி, தட்சிணைக்குக் கை நீட்டும் ஜோசியரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கட்டத்தில் உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் தகப்பனார் நடந்து வந்தது பலன் கேட்பதற்காக.

முடிவு என்பது தொடக்கத்தில் சொன்னதையே திருப்பிச் சொல்லுவதுதானே என்று வாதிப்பவர்களும் உளர். அவர்கள் மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைப் பார்ப்பது நலம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் அவ்விடத்தில், அனுமானத்தின் உறுப்புகளாகப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்தும் எடுத்துரைக்கப்படுகின்றன. மலையில் நெருப்பு உண்டு என்று தொடங்கி, புகை இருப்பதைக் காரணமாகக் காட்டி, அடுக்களையை உதாரணமாக நிறுத்தி, கடைசியில் மலையில் நெருப்பு உண்டு என்றே முடிகிறது வாதம். சொற்கள் ஏறக்குறைய அவையேதாம். ஆனால் முதலில் அது ஒருவன் வாயால் சொன்ன பேச்சு, முடிவில் அது நிரூபணமான உண்மை. நடுவே புகை வந்துவிட்டது. நம் ஆய்வேடுகளிலோ புகை ஐந்நூறு பக்கங்களுக்குத் திரண்டு எழுகிறது. நெருப்பு உண்டா இல்லையா என்று கேட்டால், ‘புகை பலவகைப்படும் என்பது புலனாகிறது’ என்று விடை கிடைக்கிறது.

இப்படிச் சொல்லுவதனால், முடிவுரை எழுதுபவர் வாய்க்கு வந்த தீர்ப்பையெல்லாம் வழங்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரே ஓர் ஆசிரியரின் கதைகளை ஆராய்ந்துவிட்டு, ‘எனவே சமுதாயம் திருந்த வேண்டும்’ என்று முடிக்கும் ஆய்வேடுகளும் என் வீட்டுக்கு வந்ததுண்டு. சமுதாயத்துக்கு அச்செய்தி இன்னும் எட்டவில்லை. அளவறிந்து முடிவு சொல்லுவதற்கு மேனாட்டு விஞ்ஞானிகளிடம் ஓர் அழகிய திருஷ்டாந்தம் இருக்கிறது. 2011 செப்டம்பரில், ஜெனீவாவை அடுத்த செர்ன் நிலையத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டருக்கு அப்பால் இத்தாலியின் கிரான் சாஸோவுக்குப் பூமிக்குள்ளே பயணம் செய்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு 60 நானோ நொடி முன்னதாகவே வந்துவிட்டதாக ஓபெரா என்னும் ஆய்வுக் குழுவினர் அறிவித்தார்கள். ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டீனையே அசைக்கக்கூடிய செய்தி கையில் இருந்தும், அளந்தது இவ்வளவு, அதற்குச் சித்தாந்த விளக்கம் எதுவும் தரப்போவதில்லை என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். மறு ஆண்டில், அந்த அளவு பிழைபட்டதற்கு, கண்ணாடி இழைக் கம்பி ஒன்று சரியாகப் பொருத்தப்படாமல் இருந்தது முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. எதுவரை தெரியும் என்று சொல்லி நிற்பதும் ஒரு முடிவே. அந்த வரம்பையும் அவர்கள் தங்கள் பெயரில்தான் அறிவித்தார்கள்.

அதே நியூட்ரினோ விவகாரத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைக்கேல் பெர்ரி என்னும் இயற்பியல் அறிஞர் தம் சகாக்களுடன் 2011-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட கட்டுரை, இந்த வேகத்தைக் குவாண்டம் கொள்கையின் ஒரு நுட்பத்தால் விளக்க முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. அதன் சுருக்கம், அநேகமாக முடியாது என்று பொருள்படும் இரண்டே சொற்கள். சுருக்கத்தின் ஸ்தானத்தில் முடிவு வந்து உட்கார்ந்தால் வாசகனுக்கு நேரம் மிச்சமாகிறது. முடிவின் ஸ்தானத்தில் சுருக்கம் வந்து உட்கார்ந்தால் நேரம் வீணாகிறது. மருத்துவ இதழ்களில் 1987-இல் முன்மொழியப்பட்ட ஏற்பாடு ஒன்றின்படி, சுருக்கத்தையே நோக்கம், முறை, விளைவு, முடிவு என்று பகுத்துத் தலைப்பிட்டு எழுதும் வழக்கம் பரவியது. கண்டது வேறு, கண்டதனால் கொள்ளத்தக்கது வேறு என்று வைத்தியர்கள் அரைப் பக்கத்துக்குள்ளேயே பிரித்துவிட்டார்கள்.

ஆகவே, ஆய்வேட்டைச் சுமந்துகொண்டு வரவிருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசி இயலை எழுத உட்காரும்போது முந்தைய இயல்களின் தொகுப்புரைகளை மேஜையின்மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆய்வேட்டை வாசித்த எவரும் சுருக்கம் எழுதிவிடலாம். முடிவை நீங்கள் ஒருவர்தாம் எழுத முடியும். ‘இதனால் என்ன?’ என்று உங்களை நீங்களே கேட்டு, அதற்கு என்ன பதில் சொல்லுவீர்களோ, அந்தப் பதில் செல்லுபடியாகும் எல்லை எதுவோ, அவற்றை மாத்திரம் எழுதுங்கள். அது ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். புறத்தேர்வாளர்கள் பெரும்பாலும் முதலில் வாசிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.