கலியுகம் முடியும்வரை தவணை

வீட்டுக் கடனுக்காக வங்கியிலிருந்து போன் வந்தால் அம்மா பதறுவதே இல்லை. "பெருமாளே கடன்காரர்டா, நீ எம்மாத்திரம்!" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விடுவார்.

அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மார்பில் எட்டி உதைத்த பிருகு முனிவரின் காலைப் பெருமாள் பிடித்துவிட, அந்த மார்பில் குடியிருந்த லட்சுமி கோபித்துக்கொண்டு கோலாப்பூருக்குப் போய்விட்டாள். பணப்பெட்டிச் சாவியே கிளம்பிப் போனபிறகுதான் அவர் கண்ணில் பத்மாவதி பட்டாள். கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கை நீட்டினார். பிரம்மாவும் சிவனும் சாட்சி. வருஷா வருஷம் வட்டி, கலியுகம் முடியும்போது அசல். கலியுகத்துக்கு 4,32,000 வருஷம். இதுவரை கழிந்தது சுமார் 5,100தான். எனக்கு 20 வருஷத் தவணை தருவதற்கே மேலாளர் என் நரைமுடியை ஏற இறங்கப் பார்த்தார். வேலை இல்லை, சொந்த வீடு இல்லை, முதல் மனைவி கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், இது இரண்டாம் கல்யாணத்துக்கு. இப்படி ஒரு விண்ணப்பத்தோடு இன்றைக்குப் போயிருந்தால் சிபில் ஸ்கோர் பார்க்கும் வரைகூட உட்காரவைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டு விஷயத்தில் மட்டும் பெருமாள் கெட்டிக்காரர். திருப்பதி மலையில் இடம் வராகசாமியுடையது. ரொக்கமாக வாடகை கிடையாது. வருகிறவர்கள் உங்களைத்தான் முதலில் கும்பிடுவார்கள், முதல் நைவேத்தியமும் உங்களுக்கே என்று பேச்சு. பேச்சை மீறுவது நாம்தான். லட்டுப் பையோடு பஸ் பிடிக்க ஓடுகிற கூட்டத்தில் வராகசாமியை நினைப்பவர் யார்? இருந்தும் காலி பண்ணச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்ட வீட்டுக்காரர்!

வட்டி கட்டுவதும் நாம்தான். எங்கள் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்று கிடக்கிறது. தங்கைக்குக் காய்ச்சல் கண்டபோது அம்மா முடிந்தது. மஞ்சள் வெளுத்துப்போய், காசின் வட்டம் மட்டும் துணியில் கறையாகப் பதிந்திருக்கிறது. தங்கையின் பிள்ளைகளுக்கே காய்ச்சல் வந்து போயாயிற்று. எப்போது கொண்டுபோய் உண்டியலில் போடுவது என்று கேட்டால், "அவர் கூப்பிடணும்ப்பா" என்பார். வங்கிக்காரர்தான் மாதம் தவறாமல் கூப்பிடுகிறார்.

இத்தனை வரவையும் அளந்து அளந்து அலுத்துப்போன பெருமாளின் அண்ணன் கோவிந்தராஜர், கீழ்த்திருப்பதியில் மரக்காலைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மொய் எழுதும் மாமாவும் பந்தி முடிந்ததும் மொய்ப்பையைத் தலைக்கு வைத்துத்தான் சாய்வார். எழுப்பினால் முதலில் பையைத் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் கண்ணைத் திறப்பார்.