ஆறாம் அதிகாரம்

சென்னை வியாசர்பாடியில் ஒரு சந்துக்குள் இருந்த வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் குடியேறினோம். கையில் இருந்தவை: ஐந்து வேதாகமம், ஒரு கேஸ் அடுப்பு, மூன்று பாய், ஒரு கேரம் போர்டு. ஒரு கிட்டாரும் இருந்தது; வாசிக்கத்தான் ஆள் இல்லை. ஏழை எளியவர்களோடு வாழ்ந்து ஊழியம் செய்வது என்பது திட்டம்.

அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தைப் படித்துவிட்டுக் கிளம்பி வந்தவர்கள் நாங்கள். எருசலேமின் முதல் விசுவாசிகள் சொத்தை விற்று, எல்லாவற்றையும் பொதுவில் வைத்து, சந்தோஷமாகச் சாப்பிட்ட கதை அது. வீட்டுக்கு மூத்த அண்ணன் இன்னும் இரண்டு கதை சொல்லி எங்களை உருக்கினார். 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய இரு மருத்துவர்கள், தமிழரான ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டனும். 1933-ல் நியூயார்க்கில் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய டோரதி டேயும் பீட்டர் மாரினும். அங்கெல்லாம் பாத்திரம் யார் கழுவினார்கள் என்பதை மட்டும் அண்ணன் சொல்லவே இல்லை.

வந்த மறுவாரம் ‘மக்கள் தேவை’ அறிய ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போனோம். முதல் வீடு இட்லிக்கடை ஆயாவுடையது. “உங்களுக்கு என்ன தேவை ஆயா?” என்றேன். “தண்ணி லாரி எப்போ வரும்னு தெரியணும். உன்கு தெரியுமா?” தெரியாது என்றேன். “அப்போ இன்னாத்துக்கு நோட்டு?”

தெருமுனைத் தொட்டிக்கு முன்னால் குடங்கள் இரவே வரிசை கட்டிவிடும். ஆள் தூங்கலாம், குடம் தூங்காது. எங்கள் நீலக் குடம் புதிது, பளபளவென்று ஏழாவது இடத்தில் நின்றது. விடிந்து பார்த்தால் இருபதாவது இடத்தில் நிற்கிறது. நியாயம் கேட்கப் போனேன். “அடியில பேர் எய்தாத கொடம் அனாதக் கொடம் சார்” என்றாள் ஒரு சிறுமி. மாலையில் எங்களிடம் டியூஷன் படிக்கிற பிள்ளை. அன்றைக்குப் பாடம் எடுத்தது அவள்.

வீட்டுக்குள் நாங்கள் ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தோம். நிலம் விற்ற பணத்தில் கொஞ்சத்தை ஒளித்துவைத்த அனனியாவும் சப்பீராளும் விழுந்து செத்த அதிகாரம். நாகர்கோவில் தம்பியின் பெட்டிக்குள் நேந்திரங்காய் சிப்ஸ் கிடைத்தது. என் தலையணைக்கடியில் அல்வா கிடைத்தது. அதே சட்டம் இங்கே அமலில் இருந்திருந்தால் அந்த வாரமே வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்திருக்கலாம்.

அடுத்து வந்தது பாத்திரச் சண்டை. இரவு டியூஷன் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடுவதால் முப்பது தட்டு விழும். சுவரில் முறைப் பட்டியல் ஒட்டினோம். தன் முறை வருகிற அன்று ஒவ்வொருவருக்கும் உபவாச ஜெபத்தில் திடீர்ப் பாரம் உண்டாயிற்று. அப்போதுதான் ஆறாம் அதிகாரத்தைக் கவனித்தேன். எருசலேமிலும் சோற்றில்தான் தகராறு: தங்கள் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் சீஷர்களைக் கூட்டி, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான் பிறகு கல்லெறிபட்டு இறந்தார். பந்தி விஷயமாக அல்ல என்பது எங்களுக்கு ஒரு ஆறுதல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சந்துக்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. முறைப் பட்டியல் சுவரிலிருந்து கழன்று மிதந்தது; அதை எடுக்க யாரும் கை நீட்டவில்லை. ஊழியம் செய்ய வந்த ஐவரையும் எதிர்வீட்டு மாடியிலிருந்து ஆயாதான் கூப்பிட்டார். பத்துக்குப் பத்து அறை. அவர் வீட்டில் ஆறு பேர், எங்களோடு பதினொன்று. கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கஞ்சியும் துவையலும் வந்தன. குடித்து முடித்து, ஒரு சாட்சி சொல்லலாமா, பாட்டுப் பாடலாமா என்று அண்ணன் தொண்டையைச் செருமினார். ஆயா அவரைப் பார்த்தார்.

“இன்னாப்பா பாத்துனு கீற? துன்ன தட்டைக் கய்வு.”

ஐந்து பேரும் எழுந்தோம். பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் பதினொரு தட்டும் ஐந்து நிமிடத்தில் பளிச்சிட்டன. யாருக்கும் உபவாசப் பாரம் வரவில்லை.

தண்ணீர் வடிந்தபின் புதிய பட்டியல் ஒட்டவில்லை. இரவு ஆயா கடையை மூடிவிட்டுப் போகிற வழியில் எங்கள் ஜன்னலை எட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இப்படி ஒரு வீட்டில் சேர்ந்து வாழ ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு: இரண்டாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள், ஆறு வரைக்கும் படியுங்கள். வரும்போது ஆளுக்கொரு குடம் கொண்டுவாருங்கள். அடியில் பேர் எழுதி.